காவேரிப்பட்டணம் டு சான் பிரான்சிஸ்கோ: அப்பா அம்மாவை எந்த வழியில் அனுப்புவது?

“கிழக்கால போவுதா, மேற்கால போவுதா?”

சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டில் பிரசவம், கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் கிளம்ப வேண்டும் என்று முடிவானதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது. டிக்கெட் என்ன விலை என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் உலக உருண்டையை வாங்கி வந்து, பெங்களூரு மேல் நூலின் ஒரு முனையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து விறைப்பாகப் பிடித்தேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வடக்கே ஏறி, திபெத், மங்கோலியா ஓரம், சைபீரியா என்று போய், ஆர்க்டிக் வட்டத்துக்குள் தலையை நீட்டிவிட்டு அலாஸ்கா வழியாக இறங்கியது. “வடக்கால போவுதுப்பா” என்றேன். அவர் நம்பவில்லை. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தையே பார்த்துப் பழகியவர்கள் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று முறை அவர்களை ஏற்றிவிட்டிருக்கிறேன். ஒரு முறை கூடவே போயும் வந்தேன். நான் டிராவல் ஏஜென்ட் இல்லை. ஆனாலும் கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு பக்கமிருந்து பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: நேர் விமானமா, துபாயா, பிராங்க்பர்ட்டா, சிங்கப்பூரா? பெங்களூருவா, சென்னையா? சான் பிரான்சிஸ்கோவை வைத்தே எழுதுகிறேன். மேற்குக் கடற்கரையில் வேறு ஊர் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது.

## எதை வைத்து அளப்பது

டிக்கெட் பார்க்கும் ஆப் காட்டும் ‘பயண நேரம்’ விமானம் புறப்படும் நேரத்தில் தொடங்கி, இறங்கும் நேரத்தில் முடிந்துவிடும். நமக்குப் பயணம் வீட்டு வாசலில் பெட்டியை டிக்கியில் ஏற்றும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் முதல் அளவுகோல் வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் மொத்த மணி நேரம்.

இரண்டாவது, ஒரே இருக்கையில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது. வயதானவர்களுக்கு மொத்த நேரத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணங்களில் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. ஆரோக்கியமான ஆளுக்கு அது மிகச் சிறிய அபாயம்தான். சுருள் நரம்பு, மூட்டு மாற்று அறுவை, இதய மருந்து என்று இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, இடையில் மாறும் இடம். எத்தனை மணிக்கு அங்கே இறங்குகிறார்கள், எவ்வளவு நடக்க வேண்டும், மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? நான்காவது, ஒரு விமானம் தவறினால் அடுத்தது எப்போது? கடைசியாக, டிக்கெட் விலையில் தெரியாத செலவுகள். டாக்ஸி, பர்மிட், கூடுதல் பெட்டி, நடுவில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் ரூம். விலையை நான் எழுதப்போவதில்லை. நேற்று இருந்த விலை இன்று இருக்காது.

## ஒரே பார்வையில்

கீழே உள்ளது போகும் திசைக்கான கணக்கு. தூரம் பூமி உருண்டை மேல் இழுத்த நூலின் நீளம்; விமானம் அதைவிடக் கொஞ்சம் சுற்றியே போகும். அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் காருக்கு 4 மணி, விமான நிலையத்தில் முன்னதாக மூன்று மூன்றரை மணி, இடையில் மாற 3 அல்லது 4 மணி (டோக்கியோவுக்கு மட்டும் 6), அங்கே குடியேற்ற வரிசைக்கும் பெட்டிக்கும் 2 மணி, அண்ணன் வீட்டுக்கு ஒரு மணி என்று சேர்த்திருக்கிறேன்.

| வழி | தூரம் (கி.மீ.) | பறக்கும் நேரம் | மிக நீண்ட உட்கார்வு | வாசலிலிருந்து வாசல் |
|---|---|---|---|---|
| பெங்களூரு – நேர் | சுமார் 13,990 | 16–17 மணி | 16–17 மணி | சுமார் 27 மணி |
| டெல்லி வழி | 1,710 + 12,380 | 3 + 16 | 16 மணி | சுமார் 33 மணி |
| துபாய் வழி | 2,690 + 13,040 | 4 + 16 | 16 மணி | 33–34 மணி |
| பிராங்க்பர்ட் வழி | 7,400 + 9,150 | 10 + 11½ | 11½ மணி | சுமார் 35 மணி |
| சிங்கப்பூர் வழி | 3,180 + 13,590 | 4½ + 15 | 15 மணி | சுமார் 33 மணி |
| டோக்கியோ வழி | 6,700 + 8,220 | 8 + 9½ | 9½ மணி | சுமார் 34 மணி |

இந்த அட்டவணையைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டெல்லி வழிக்கும் சிங்கப்பூர் வழிக்கும் தூரத்தில் 2,600 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். வாசல் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரு முறை மாறிப் போகும் ஐந்து வழிகளும் 33-க்கும் 35-க்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆக, கிலோமீட்டர் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. நேர் விமானம் மட்டும் தனியாக நிற்கிறது. மற்றவற்றில் யார் போகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிங்கப்பூர்க் கணக்கு சிலருக்கு இடிக்கும். அதிகத் தூரம், ஆனால் துபாயைவிடப் பறக்கும் நேரம் குறைவு, எப்படி? பசிபிக் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பலமான காற்றோட்டம் ஒன்று உண்டு. கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. சிங்கப்பூருக்குத் திரும்ப 17 மணி நேரம் ஆகிவிடும்.

## முதலில் ரோடு: பெங்களூருவா, சென்னையா?

விமானத்தைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் ரோட்டைப் பற்றி ஐந்து நிமிடம் யோசிப்பதில்லை. நம் மாவட்டத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையம் சுமார் 125 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து 170 சொச்சம். சென்னை மீனம்பாக்கம் கிருஷ்ணகிரியிலிருந்து 260 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தருமபுரியிலிருந்து 300. தூரம் இரண்டு மடங்கு, ஆனால் நேரம் இரண்டு மடங்கு இல்லை. வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வந்தால் சென்னைக்குள் நுழையாமலே மீனம்பாக்கம் போய்விடலாம். நாலரை, ஐந்து மணி நேரம் என்று சொல்லிவைக்கலாம். பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து வருகிறோம். ஊரை முழுதாகக் குறுக்கே கடக்க வேண்டும். அத்திப்பள்ளி டோல், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால். ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டரை மணி நேரத்தில் முடிகிற பயணம், சாயங்காலம் ஆறு மணிக்கு நாலரை ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம். சொந்த ஊருக்கு வந்த அத்தனை ஐடி பிள்ளைகளும் அன்றுதான் பெங்களூரு திரும்புகிறார்கள். பொங்கல், தீபாவளி லீவு முடியும் நாளும் அதே கதை. அப்படி ஒரு நாளில்தான் டிக்கெட் என்றால் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை என்று சுற்றிக்கொண்டு போகலாம். கிலோமீட்டர் ஒன்றும் குறையாது, ரோடும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் சில்க் போர்டில் நின்றுகொண்டு மணியைப் பார்த்துப் பார்த்து வியர்க்க வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர்கள் கணக்கில் வராத ஒன்று காவிரிப் பிரச்சினை. 2023 செப்டம்பர் 26-ஆம் தேதி பெங்களூரு பந்த், 29-ஆம் தேதி கர்நாடகா பந்த். நம் பஸ்கள் எல்லையோடு நின்றுவிட்டன, டிஎன் நம்பர் கார் ஓட்டுபவர்கள் உள்ளே போகவே தயங்கினார்கள். அந்த மாதிரிப் பேச்சு அடிபடும்போது பயணம் இருந்தால் முந்தின நாளே எல்லை தாண்டி, விமான நிலையப் பக்கம் ஒரு ரூம் எடுத்துவிடுவது நல்லது.

மறைந்த செலவும் இந்த ரோட்டில்தான். நம் ஊர் டாக்ஸி கர்நாடகாவுக்குள் போக பர்மிட் கட்ட வேண்டியிருக்கலாம். காலியாகத் திரும்பும் கிலோமீட்டரும் நம் கணக்கில்தான் சேரும். தருமபுரிக்காரர்கள் ரயிலில் பெங்களூரு போய்விடலாமே என்பார்கள். 23 கிலோப் பெட்டி நான்கையும் வயதான இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ரயிலிலிருந்து டாக்ஸிக்கு மாறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனியாகப் போகும் மாணவன் என்றால் தாராளமாகச் செய்யலாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஊரில் ரயிலே கிடையாது. ஓசூரில் பெரிய விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். பெங்களூருவுக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புது விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. இந்தப் பேரனுக்கு அது உதவாது, அடுத்த பேரனுக்கு உதவலாம்.

என் முடிவு: இரண்டு ஊரிலிருந்தும் ஒரே மாதிரி இணைப்பு கிடைத்தால் பெங்களூரு. சென்னையில் ஒரு ராத்திரி தங்க உறவுக்காரர் வீடு இருந்தாலோ, நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்துவிட்டாலோ சென்னை. திருப்பத்தூர், பர்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அங்கே விலை தீர்மானிக்கட்டும்.

## நேர் விமானம்

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த வழியைத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி வந்த முதல் விமானம் வட துருவப் பகுதியைக் கடந்து ஜனவரி 11-ஆம் தேதி விடியலில் பெங்களூருவில் இறங்கியது. செய்தி பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தச் சேவையை நிரந்தரம் என்று நம்பி ஆறு மாதம் முன்பே கணக்குப் போடாதீர்கள். இவ்வளவு நீளமான வழிகள் எரிபொருள் விலை, விமானத் தட்டுப்பாடு, எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து அட்டவணையில் வருவதும் போவதுமாக இருக்கும். புக் செய்யும் அன்று உண்டா, வாரத்தில் எந்த நாட்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தால், ஆங்கிலமும் இந்தியும் தெரியாத தம்பதிக்கு இதற்கு ஈடு இல்லை. பெங்களூருவில் ஏற்றிவிட்டால் அங்கே மகன் எடுத்துக்கொள்வான், நடுவே தொலைந்துபோக இடமே இல்லை. அப்பா டிக்கெட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்: மத்தியானம் 2 மணிக்குக் கிளம்பி, அதே தேதியில் சாயங்காலம் நாலரைக்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. “ரெண்டரை மணி நேரந்தானா? சேலம் போய்ட்டு வர்ற நேரம்!” பதினாறு மணி நேரம் பறந்தால் நமக்கு மறுநாள் காலை ஆறு மணி. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் நாலரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் வித்தியாசம் பன்னிரண்டரையாகக் குறையும். மாத்திரை நேரத்தை இந்தக் கணக்கை வைத்து டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கட்டாயம்.

பதினாறு மணி நேர உட்கார்வுதான் இதன் விலை. மூட்டுவலிக்காரருக்கு நடைபாதை ஓர இருக்கை கிடைக்காவிட்டால் நேர் விமானத்தை விட்டுவிடுங்கள் என்பேன். நடுவில் மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டார். எங்கள் அம்மா அதைத்தான் செய்தார்.

## டெல்லி வழி

நூலைப் பிடித்துப் பார்த்தால் இது அழகான வழி. பெங்களூருவிலிருந்து போகிற கோடு எப்படியும் வடக்கே ஏறுவதால், டெல்லியில் இறங்கி ஏறினாலும் நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் நூலுக்கு நாட்டு எல்லை கிடையாது, விமானத்துக்கு உண்டு. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது. அதனால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் நீண்ட பயணங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்கிப் போயின.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டம் வேறு. காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். இன்னொன்று: பெங்களூரு–டெல்லியைத் தனி டிக்கெட்டாக மலிவில் எடுத்து, டெல்லி–சான் பிரான்சிஸ்கோவைத் தனியாக எடுக்கும் சாமர்த்தியம் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது, டிக்கெட் காசு போய்விடும். உள்நாட்டு விமானம் டெர்மினல் 1-இல் இறக்கிவிட்டால், பன்னாட்டு விமானம் கிளம்பும் டெர்மினல் 3-க்குப் பெட்டியோடு ரோட்டு வழியாகப் போக வேண்டும். திரும்பும்போது டெல்லியில்தான் வழக்கமாகக் குடியேற்றமும் சுங்கமும். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கச் சொல்வார்கள்.

இந்தி தெரிந்தவர்கள், டெல்லியில் வேலை இருப்பவர்கள், ஏர் இந்தியாவில் ஒரே டிக்கெட்டாக நல்ல விலைக்குக் கிடைத்தவர்கள் போகலாம். நம் பெற்றோருக்கு இதை நான் கடைசியில் வைப்பேன்.

## வளைகுடா வழி

நம் பக்கத்தில் அதிகம் பேர் போவது இப்படித்தான். காரணம் எளிது: பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒரு நாளைக்குப் பல விமானங்கள். ஒன்று தவறினாலும் அடுத்தது உண்டு. துபாயில் தமிழோ மலையாளமோ பேசுகிற ஊழியர் யாராவது ஒருவர் தென்படாமல் போக மாட்டார்.

உருண்டையில் நூலை வைத்துப் பார்க்க வேண்டிய வழியும் இதுதான். துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கக்கோடுகளில் இருக்கின்றன. அதனால் நூல் வட துருவத்துக்கு இருநூறு கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. ஜன்னல் இருக்கைக்காரர்களுக்குப் பனிக்கட்டிக் கடல் இலவசம்.

குறை, 4 + 16 என்ற பிரிப்பு. முதல் நான்கு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வருவது நேர் விமானத்துக்குச் சமமான உட்கார்வு. ஆக, மாறுகிற சிரமமும் உண்டு, உட்காருகிற சிரமமும் உண்டு. அதோடு பெங்களூருவிலிருந்து கிளம்பும் நேரம் விடியற்காலையாக இருந்தால் நள்ளிரவில் ஒரு விழிப்பு, துபாயில் இன்னொரு விழிப்பு. அந்தப் பகுதியின் அரசியலும் ஒரு கண்ணில் இருக்கட்டும். 2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது தோஹா போன விமானங்களெல்லாம் வேறு வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

சிகாகோ, நியூயார்க் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். அபுதாபி விமான நிலையத்தில் 2014 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி நேரே பெட்டி எடுக்கப் போகலாம். எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதறுகிற பெற்றோருக்கு, களைத்துப்போகும் முன்பே அந்தக் கட்டம் முடிந்துவிடுவது நல்லது.

## பிராங்க்பர்ட் வழி

அட்டவணையில் வாசல் கணக்கில் கடைசி இதுதான். ஆனாலும் எங்கள் அம்மாவுக்கு நான் அடுத்த முறை எடுக்கப்போவது இதைத்தான். பத்து மணி நேரம் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் காலை நீட்டி, பிறகு பதினொன்றரை. எந்தப் பாதியும் கொடுமையாக இல்லை. மொத்தத்தில் இரண்டு மணி நேரம் கூடுவதைக் கால் வீக்கம் இல்லாமல் இறங்குவதோடு வைத்துப் பார்த்தால் எனக்கு இது லாபம்.

விசா பற்றிக் கேட்பார்கள். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பிராங்க்பர்ட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அது ஒரே டிக்கெட்டில், பெட்டி நேரே கடைசி ஊருக்குப் போகும்போதுதான் சரிவரும். தனித்தனி டிக்கெட் எடுத்துப் பெட்டியை வெளியே வந்து எடுக்க வேண்டுமென்றால் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) கேட்பார்கள். லண்டனிலும் அமெரிக்க விசா இருந்தால் உள்ளேயே மாறத் தனி விசா வேண்டாம்.

நடை அதிகம், மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு, தமிழுக்கு வழியில்லை. இதற்கெல்லாம் ஒரே மருந்து சக்கர நாற்காலி. டிக்கெட் போடும்போதே, தாமதமானால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமானக் கம்பெனியிடம் சொல்லிவைத்தால் இலவசம். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, “நான் என்ன நடக்க முடியாதவனா?” என்றார். அது காலுக்காக இல்லை, வழி தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வருவதற்காக என்று சொன்ன பிறகு உட்கார்ந்தார்.

இளைஞர்களுக்கு, மலிவு தேடுபவர்களுக்கு இந்த வழி தேவையே இல்லை.

## சிங்கப்பூர், டோக்கியோ

சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி. விமான நிலையத்தில் தமிழ் பேசுபவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. சென்னையிலிருந்து விமானங்கள் நிறைய. போகும்போது பின்காற்றில் 15 மணி நேரம் என்பது துபாயைவிட ஒரு மணி குறைவு. திரும்பும்போது 17-க்குத் தயாராக இருக்க வேண்டும். போகும்போது கூடவே யாராவது இருந்து, வரும்போது பெற்றோர் தனியாக வருவதாக இருந்தால் இந்தத் திசை வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

டோக்கியோவைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பிரிப்பில் எல்லா வழிகளையும்விட அழகானது: 8 + 9½. ஆனால் பெங்களூருவிலிருந்து விமானங்கள் குறைவு, இணைப்புக்குக் காத்திருப்பு நீளம், தவறினால் மறுநாள்தான். நரிட்டா, ஹனேடா என்று டோக்கியோவுக்கு இரண்டு விமான நிலையங்கள். டிக்கெட்டில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே இடமா என்று பாருங்கள். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கூட ஒரு ஆள் போனால் எனக்குச் சம்மதம். பெற்றோரைத் தனியாக அனுப்ப மாட்டேன்.

## ராகி மாவு

இடையில் மாறும் எந்த வழிக்கும் பொருந்தும் ஒன்று. ஒரு பயணத்தில் அம்மா இரண்டு கிலோ ராகி மாவைக் கைப்பையில் வைத்திருந்தார். மருமகளுக்குக் களி கிண்டிக் கொடுக்க வேண்டும், பெட்டி தொலைந்தாலும் மாவு தொலையக் கூடாது என்பது அவர் கணக்கு. பெங்களூருவில் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் மாறிய விமான நிலையத்தில், அமெரிக்க விமானத்தின் வாசலில் மறுபடி சோதனை. 350 மில்லிக்கு மேல் எந்தத் தூளையும் அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவது சிக்கல். 2018 ஜூன் கடைசியிலிருந்து இந்த விதி இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து, அம்மாவிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவர் “கேழ்வரகு, கேழ்வரகு” என்றிருக்கிறார். குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. விமானம் தவறாததே பெரிது.

மாவு, பொடி, ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டிக்குள். மாம்பழம் எங்கேயும் வேண்டாம். இறங்கும் இடத்தில் பறித்துக்கொள்வார்கள். டின்னில் அடைத்த நம் ஊர் மாம்பழக் கூழ் போகும், சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். பெட்டி வழக்கமாக ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு. மலிவு டிக்கெட்டுகளில் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது பெட்டிக்குக் காசு கட்டினால் மலிவில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

## திரும்பி வரும் ராத்திரி

போகும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், திரும்புகிற டிக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை. ஐரோப்பா, வளைகுடா வழி விமானங்கள் பல பெங்களூருவில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே இறங்குகின்றன. குடியேற்றம், பெட்டி முடிந்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சாயங்காலமே ஊரிலிருந்து கிளம்பி, விமான நிலையத்தில் விழித்துக் கிடந்த டிரைவர் விடியற்காலை நான்கு மணிக்கு ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும். பின் சீட்டில் முப்பது மணி நேரம் பயணம் செய்த இரண்டு பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் இப்போது செய்வது: டிரைவரை மத்தியானமே வரச் சொல்லி, விமான நிலையப் பக்கம் பார்க்கிங்கில் காரிலேயே ஐந்து மணி நேரம் தூங்கவிடுகிறோம். வெயிட்டிங் சார்ஜ் கொடுத்துவிடுகிறோம். விமானம் மூன்று மணிக்கு இறங்கினாலும் ஐந்தரைக்கு மேல்தான் வண்டியை எடுக்கச் சொல்வோம். ஏழு மணிக்குள் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் தாண்டிவிட்டால், எதிர்ப்பக்கம் நெரிசலில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே ஓசூர் வந்துவிடலாம். ஓசூரில் இட்லி, எட்டரைக்குக் கிருஷ்ணகிரி டோல், ஒன்பதுக்கு வீடு.